ஊதாமல் துடைக்கும் கண்ணாடி

நான் இப்போது வாழும் ஊரில், வேலை நாட்களில் முகத்துக்குப் பவுடர் போடக் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது, விபூதி கூடாது. ஸ்டிக்கர் பொட்டாவது ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கூடாது என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார்கள். பதினாலு வருஷமாக நான் காலையில் கண்ணாடி முன் நிற்பது முகத்தை அலங்கரிக்க அல்ல, இருப்பதையும் கழுவித் துடைத்துக் காலியாக்க. ஒருமுறை வேலை முடிந்த கையோடு தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்குப் போனேன். வெறும் நெற்றியும் வறண்ட தலையுமாக வந்து நின்ற என்னை ஒரு பெண் தனியே அழைத்து, வீட்டுக்காரர் நலமாக இருக்கிறாரா என்று தயங்கித் தயங்கி விசாரித்தாள். அவர் பந்தியில் உட்கார்ந்து மூன்றாவது தடவை சர்க்கரைப் பொங்கல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படி என்ன வேலை என்று கேட்பீர்கள். கண்ணாடி துடைக்கிற வேலைதான். அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், ஒப்பந்தக்காரர் மூலமாக. மிகப் பெரிய கட்டடம் ஒன்றுக்குள் பல லேசர் கதிர்கள் நீண்ட குழாய்களில் ஓடிவந்து, மிளகு அளவுள்ள உருண்டை ஒன்றை எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் தாக்கும். உருண்டைக்குள் ஹைட்ரஜன். அது வெடித்துச் சிதறுவதற்கும் ஒரு துளி நேரம் வேண்டுமல்லவா, அந்தத் துளி நேரத்துக்குள் அதை நசுக்கி அணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுவார்கள். சூரியனுக்குள் நடப்பதும் இப்படிச் சேர்வதுதானாம். இனெர்ஷியல் ஃப்யூஷன் என்று பெயர். கதிர் வரும் வழியெல்லாம் பெரிய பெரிய கண்ணாடிகள். அவற்றில் ஒரு தூசி இருந்தால் போதும், கதிர் அதை எரித்து அந்த இடத்தில் கண்ணாடியைப் பொத்தலாக்கிவிடும். அந்தத் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இதெல்லாம் எதற்காக என்பதற்கு அங்கே இரண்டு பதில் உண்டு. விருந்தினர்கள் வரும் வராந்தாவில் சுவர் நிறைய ஒரு படம். குழந்தை ஒன்று உள்ளங்கையில் சூரியனை ஏந்தி நிற்கிறது. புகையில்லாத மின்சாரம், எல்லோருக்கும், என்று கீழே எழுதியிருக்கிறது. அதே வராந்தாவின் கோடியில் எண்பூட்டுப் போட்ட கதவு. அந்தப் பக்கம் நாட்டின் பாதுகாப்பு. கிடங்கில் கிடக்கும் பழைய அணுகுண்டுகள் இன்னும் வேலை செய்யுமா என்பதை, ஒன்றையும் வெடித்துப் பார்க்காமலே தெரிந்துகொள்ள இந்த உருண்டை உதவுகிறதாம். இதில் ரகசியமில்லை, அவர்களே சொல்வதுதான். நான் இன்று துடைத்த கண்ணாடி மின்சாரத்துக்கா, குண்டுக்கா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை கேட்டேன். இரண்டுக்கும்தான் என்று சொல்லிச் சிரித்தார் மேலாளர். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை நம்பவில்லை.

சந்தேகம் எனக்கு அப்பா வழியில் வந்தது. எங்கள் ஊர் ஓரகடம் பக்கத்தில் சேரப்பணஞ்சேரி. சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்தபோது, எந்தச் சுவருக்குள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. டிவிஎஸ் ஃபிஃப்டியை நிறுத்திவிட்டு, காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று, உள்ளே போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "உள்ள இன்னா செய்றான்னு சொல்ல மாட்றான் பாரு. நல்லதுன்னா சொல்லிகினு செய்வான்ல?" என்பார். நான் ஸ்ரீபெரும்புதூரில் போன் தொழிற்சாலைக்குச் சேர்ந்தபோது, லைனுக்குள் நுழையும் முன் சூப்பர்வைசர் அக்கா எங்கள் கன்னத்தில் டேப்பை ஒட்டி எடுத்துப் பார்ப்பாள். டேப்பில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் முகம் கழுவிவிட்டு வர வேண்டும். பெண்ணைப் பவுடர்கூடப் போடவிடாத கம்பெனி எப்படி உருப்படும் என்று அப்பா புலம்புவார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த டேப்புத்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது. கல்யாணமாகி அமெரிக்கா வந்து, குடியுரிமையும் கிடைத்த பிறகு, தூசியில்லா அறையில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டவர்களுக்கு உண்டு என்று சொல்ல முடிந்தது.

அப்பா போய் ஒரு வருஷமாகிறது. முதல் வருஷத் திதிக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. என் போன்றவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து, யாரைப் பார்த்தோம், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று படிவம் நிரப்ப வேண்டும். மறைத்தால் வேலை போகும், வேலையோடு நிற்காமலும் போகலாம். கிளம்பும் முன் நடந்த பேச்சில் அந்த அதிகாரி, தம்பியோடு எவ்வளவு அடிக்கடி தொடர்பு என்று கேட்டார். தினமும் என்றேன். தினமும் என்ன பேசுவீர்கள்? பேசுவதில்லை, படம் அனுப்புவான் என்றேன். அவர் பேனா நின்றது. படத்தைக் காட்டினேன். ரோஜாப்பூ, மேலே முருகன், கீழே இனிய காலை வணக்கம். மறுநாள் தாமரை, பிள்ளையார், அதே வணக்கம். பூ ஏன் மாறுகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அதைத்தான் அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஊரில் இறங்கியதும் தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் அப்பா, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, கீழே இவண் என்று போட்டு மகன் குமரேசன், மருமகள் ரேவதி, பேத்திகள். அவ்வளவுதான். வாடகைக் காரை நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை படித்தேன். அப்பா இறந்தபோது வைத்த பேனரில் மகள் வாசுகி (அமெரிக்கா) என்று என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இப்போது என்னைக் காணோம். அச்சடிப்பவன் விட்டிருப்பான் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினால், எதிர்வீட்டு சரோஜா அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா? நல்லது. கூடப் பொறந்ததுங்களுக்குள்ள நெலம் நீச்சுன்னு ஆயிரம் கீதுதான். அதுக்காவ பேச்சுவார்த்தை இல்லாமப் பூடுமா?" என்றாள். மண்ணூர்ப் பக்கம் எங்களுக்கு இன்னும் முக்கால் ஏக்கர் மிச்சம் இருக்கிறது. அதில் எனக்கும் அவனுக்கும் ஒரு தகராறும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் தம்பியின் பைக்கை மூடியிருந்தது அந்தப் பழைய ஃபிளெக்ஸ்தான். சீட்டின்மேல் என் பெயரும் அடைப்புக்குறிக்குள் அமெரிக்காவும் வெயிலில் கிடந்தன. பைக்கின் மேலாவது இருக்கிறேனே என்று அற்ப சந்தோஷம். மறுநாள் காலையில் பார்த்தால் ஃபிளெக்ஸ் திருப்பிப் போடப்பட்டிருந்தது. எழுத்தெல்லாம் உள்ளே, வெறும் வெள்ளை வெளியே. யார் திருப்பியது என்று ரேவதியிடம் கேட்டேன். "தெரியலயே அண்ணி" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அழுகை முட்டியது. நிலத்தை அவனே எடுத்துக்கொள்ளட்டும், கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன், அதற்காகப் பெயரை ஏன் எடுக்க வேண்டும்?

ஆனால் நிலத்தோடு பொருந்தாத சில விஷயங்களும் கண்ணில் பட்டன. குமரேசன் பத்து வருஷமாக ஓரகடத்தில் கார் கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தவன். போன வருஷம் வேறு கம்பெனிக்கு மாறினான். அதே வேலைதான் என்று போனில் சொல்லியிருந்தான். இப்போது பார்த்தால், பட்டை போடாமல் படியிறங்காத ஆள், வேலைக்குப் போகும்போது நெற்றி காலி. தலையில் எண்ணெய் இல்லை. போனின் பின்பக்கக் கேமராவைச் சுற்றி ஸ்டிக்கர் பசை. கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவன் கேட்ட கேள்விகள்தான் உறுத்தின. சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டான், "அக்கா, நீ தொடைக்கிற கண்ணாடி எம்மாம் பெருசு? எங்கேருந்து வருது?" என்னிடம் பதினாலு வருஷமாக ஒரு நாளும் கேட்காத கேள்வி. உன்னை யார் கேட்கச் சொன்னது என்று என் வாய்வரை வந்துவிட்டது. சொந்தத் தம்பி, நான் மூக்கு சிந்திவிட்ட தம்பி, அவன்மேல் எனக்கு இந்த எண்ணம் வந்ததே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடே பேச்சை மாற்றினேன். ரசம் ஊற்று என்று ரேவதியிடம் தட்டை நீட்டினேன்.

திதியன்று காலையில் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். டிப்பர் லாரிகள் ஓடும் ஊரில் ஒரு வருஷத்துத் தூசி என்றால் கேட்க வேண்டுமா, அப்பா முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. ரேவதி ஈரத்துணியோடு வந்து, கண்ணாடிமேல் ஹா என்று ஊதித் தேய்க்கப் போனாள். உலகத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். அப்பாவே தன் மூக்குக் கண்ணாடியை ஹா என்று ஊதித்தான் வேட்டியில் துடைப்பார். "ஊதாத, ஊதாத!" என்று பதறிக்கொண்டு குமரேசன் படத்தை வாங்கினான். புதுவேட்டி ஓரத்தைக் கிழித்து நாலாக மடித்தான். கை கழுவும் ஸ்பிரிட்டை அதில் மூன்று சொட்டு விட்டான். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தேய்க்கவில்லை, திரும்பி வரவில்லை. மடிப்பை மாற்றிப் புதுப் பக்கத்தால் அடுத்த இழுப்பு. இழுக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான், எச்சில் காற்று கண்ணாடியில் படாமல்.

படத்தின் மறுமுனையைப் பிடித்திருந்த நானும் முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, பழக்கம். அவன் போனின் டார்ச்சைப் போட்டுக் கண்ணாடிமேல் சாய்வாகப் பிடித்தான். ஜன்னல் வெளிச்சம் வராமல் இருக்க நான் சேலைத் தலைப்பை விரித்து மறைத்தேன். அதுவும் கேட்காமலே செய்ததுதான். டார்ச் வெளிச்சத்துக்கு மேலே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கார் கண்ணாடியை யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பதில்லை. எங்கே எந்தக் கண்ணாடியை அப்படித் துடைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. "இன்னா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூஞ்சத் திருப்பிகினு நிக்கிறீங்க?" என்று ரேவதி சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை.

படையல் முடிந்து, காக்கைக்கு வைத்து, சாப்பிட்டதும் அவன் வெளியே போய்விட்டு வரலாம் என்றான். பைக்கில் ஏறப்போனபோது, "போன வூட்லயே வெச்சிட்டு வாக்கா" என்றான். அவனுடையதும் அலமாரியில்தான் இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"பேனர்ல உன் பேரு இல்லன்னு கோவமா கீறியா?"

"நெலத்துக்காவன்னா நேராக் கேளுடா. நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"நெலமும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. நாந்தான் அப்பிடிச் சொல்லிவுட்டேன். நமக்குள்ள நெலத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லன்னு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கம்பெனியில் புதிதாக ஒரு லைன் போட்டிருக்கிறார்கள். அதில் சேரப் படிவம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் ரத்த சொந்தம் யாராவது உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதிவிட்டான்.

"உண்டுன்னு எழுதுனவன எல்லாம் வேற லைனுக்கு மாத்தி, அப்பறம் கான்ட்ராக்ட்டுன்னு தள்ளிட்டாங்க. எனக்கு வேற இன்னா தெரியும்? வெரிஃபிகேஷனுக்கு ஆளு வருவான்னாங்க. தெருமொனைல கொட்டை எழுத்துல அமெரிக்கான்னு இருந்தா? அக்கம்பக்கத்துல கேட்டா? நெலத் தகராறுன்னா எல்லாரும் நம்புவாங்க. அந்தப் பொண்ணு இங்க வர்றதே இல்ல, ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னுடுவாங்க."

"நான்தான் வந்துட்டனே."

"அதான்..." என்று இழுத்தான். நான் திதிக்கு வந்ததே அவனுக்கு ஆபத்து என்பது அப்போதுதான் உறைத்தது. தெருமுனையில் காரை நிறுத்தி இரண்டு தடவை பேனர் படித்தேனே, எத்தனை பேர் பார்த்தார்களோ.

"அது இன்னா லைனு? கவர்மென்ட்டா?"

"கேக்காதக்கா."

"கரண்டுக்கா? இல்ல..."

"கேக்காதன்றேன்ல. எனக்கே தெரியாது. கண்ணாடி போற பொட்டில யாருக்குன்னு பேரு போட மாட்டாங்க. நல்லதுக்குத்தான்னு ஒரு நாளு கூட்டி வெச்சிச் சொன்னாங்க." பிறகு என்னைப் பார்த்தான். "உன்னாண்ட மட்டும் சொல்றாங்களா?"

சொல்வதில்லை. ஆனால் அதைக்கூட அவனிடம் சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். எங்கள் அப்பா சுவருக்கு வெளியே நின்று லாரி எண்ணிய மனுஷர். அவர் பிள்ளைகள் இருவரும் சுவருக்கு உள்ளே போய்விட்டோம், போயும் ஒன்றும் தெரியவில்லை. நான் திரும்பிப் போய் அவன் பெயரை எழுதியாக வேண்டும் என்று சொன்னேன். பெயர், உறவு, வேலை.

"எழுதிக்கோ. நான் கார் கண்ணாடி. அப்பிடியே எழுது."

"பொய் எழுதுனா என் பொழப்பே போவும்டா."

"எதப் பொய்யின்ற? நான் உங்கிட்ட எதுனா சொன்னனா? அப்பா போட்டோவத் தொடச்சேன். அம்மாந்தான நீ பாத்த?" வண்டிச் சாவியை எடுத்தான். "கொஞ்ச நாளைக்கு போன் பண்ணாதக்கா. காலைல படமும் அனுப்ப மாட்டேன். தப்பா நெனைக்காத."

திரும்பி வரும்போது பைக்கில் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஊர் எல்லை வந்ததும் வேகத்தைக் குறைத்து, இங்கேயே இறங்கி நடந்து வருகிறாயா என்று கேட்டான். நடந்தேன். சரோஜா அத்தை வாசலில் நின்றிருந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே, முக்கால் ஏக்கரில் எனக்கும் பங்கு வராமல் விட மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஒரு பொய்யை இவ்வளவு நன்றாகச் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அமெரிக்கா திரும்பிய வாரத்தில் அதே அதிகாரி, அதே மேசை. படிவத்தில் தம்பியின் பெயரை எழுதினேன், உறவு எழுதினேன். வேலை என்ற கட்டத்தில் கண்ணாடி என்று மட்டும் எழுதி அவரிடம் நீட்டினேன். என்ன மாதிரிக் கண்ணாடி என்று கேட்டார். அரசாங்கத்துக்கு வேலை செய்கிறானா என்று அவர் நேராகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். கடைசியாகப் பார்த்தபோது எங்கள் அப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், சட்டம் போட்ட படம், மிக நன்றாகத் துடைப்பான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஓ, பிக்சர் ஃப்ரேம்ஸ்!" என்றார். தன் சித்தி ஒருத்தியும் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நான் திருத்தவில்லை. தினமும் வரும் பூப்படங்கள் இன்னும் வருகின்றனவா என்று கேட்டார். நின்றுவிட்டன என்றேன். ஏன் என்றார். நிலத் தகராறு என்றேன். தலையாட்டி, வருத்தம் தெரிவித்து, அதையும் எழுதிக்கொண்டார். கதவுவரை வந்து வழியனுப்பியபோது சிரித்தார். அவர் நிஜமாகவே தவறாகப் புரிந்துகொண்டாரா, புரிந்துகொண்டும் அப்படி எழுதினாரா? அதுவும் என் மேலாளரின் சிரிப்பு மாதிரியே இருந்தது.

ஆக, இப்போது நிலைமை இதுதான். என் படிவத்தில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் படிவத்தில் அவனுக்கு அக்கா இல்லை. காலையில் முகத்தைக் கழுவிக் காலியாக்கும்போது கை தானாகப் போனைத் தேடுகிறது. முருகனும் இல்லை, தாமரையும் இல்லை. இதைப் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவன் படித்தால் தெரிந்துகொள்வான், படிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

போன வாரம் ரேவதியின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. ஊரில் நல்ல மழையாம். வாசலில் பைக், அதன்மேல் அந்தப் பழைய ஃபிளெக்ஸ், வெள்ளைப் பக்கம் வெளியே. கீழே எழுதியிருந்தாள்: "வெயில்ல எழுத்து போயிடுதாம் அண்ணி. அதான் உள்பக்கமா போட்டு வெக்கச் சொல்றாரு." விசாரிக்க வருகிற ஆளுக்குத் தெரியக் கூடாது என்று திருப்பினானா, எழுத்து அழியக் கூடாது என்று திருப்பினானா? கேட்டால் இரண்டுக்கும்தான் என்பான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நனைந்த வெள்ளையில் உள்பக்கத்து எழுத்து லேசாகத் தெரிந்தது, இடம் வலம் மாறி. கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் படிக்க வேண்டியிருந்தது. முதலில் அடைப்புக்குறிக்குள் அமெரிக்கா, அதற்கு அப்புறம் என் பெயர்.